காப்பி மாத்திரை

தம்பி,

நல்லா இருக்கியா, மருமகள் நல்லா இருக்கிறாளா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. அதையெல்லாம் வியாழக்கிழமை போனிலேயே கேட்டாயிற்று. வெளிநாட்டு வேலை உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் இரண்டு பேரும் கிளம்புகிறீர்கள், அதற்கு முன்னால் இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து அரூருக்கு வந்து ஒரு நாள் என்னோடு இருந்துவிட்டுப் போகிறாய் என்று சொன்னாய். "சரிடா, வா" என்றேன். போனை வைக்கப் போகிறாய் என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாய்: "அம்மா செத்த அன்னிக்கு நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டது தப்புப்பா. ஒரு டம்ளர் காப்பிக்காக எட்டு மாசமா உங்க கூட சரியா பேசாம இருந்துட்டேன். மன்னிச்சிருங்க." அதற்கு நான் என்ன பதில் சொன்னேன்? "ரேஷன் கடைக்குப் போவணும்டா, வெச்சிடறேன்" என்றேன். அன்றைக்கு ரேஷன் கடை லீவு. போனை வைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சாப்பிட்டேனா என்றுகூட ஞாபகமில்லை.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முப்பத்து மூன்று வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவன். எழுதியதெல்லாம் டிரிப் ஷீட்தான். நேரில் சொல்லலாம் என்றால், உன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவேன். போனில் சொல்லலாம் என்றால் ரேஷன் கடை வந்துவிடுகிறது. அதனால்தான் நாலு நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அழவில்லை. இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அழவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகுமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் "தைரியமான மனுசன்" என்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறேன்.

விஷயம் அந்தக் காப்பி மிஷின்தான். நான் ரிட்டயர் ஆன வருடம் நீ அதை வாங்கி, பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு ரயில் மாறி வந்து பொம்மிடியில் இறங்கினாய். நான் மொபெட்டில் வந்து காத்திருந்தேன். பெட்டியைப் பார்த்ததும் தையல் மிஷின் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்ததும் உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஒரு தரத்துக்கு ஒரே டம்ளர்தானா? வூட்டுக்கு நாலு பேரு வந்தா என்னாடா பண்றது? நாலு தரம் அமுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?" என்றாள். "வர்றவங்களுக்கு நீ அடுப்புலயே போடும்மா, இது உங்க ரெண்டு பேருக்கு மட்டும்" என்று சொல்லி, காப்பித்தூள் அடைத்த ஒரு சின்ன டப்பியை எடுத்துக் காட்டி, இதுதான் கேப்சூல் என்றாய். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "கேப்சூல்னா மாத்திரைடா. காப்பிக்குமா மாத்திரை? எந்தச் சீக்குக்குடா இது?" என்றாள். அன்றைக்குப் பிடித்து நம் வீட்டில் அதற்கு மாத்திரை என்றே பேராகிவிட்டது. நீயும்தான் போனில் கேட்பாய், "மாத்திரை தீந்துபோச்சா, அனுப்பட்டுமா?" என்று.

ஒன்றைச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்திருக்காது. அந்த மிஷின் வருகிற வரைக்கும் நான் உன் அம்மாவுக்கு ஒரு வாய்க் காப்பி போட்டுக் கொடுத்ததில்லை. முதல் டிரிப் எடுக்கிற நாளெல்லாம் எனக்கு முன்னால் எழுந்து அவள்தான் போடுவாள். மற்ற நாளில் பஸ் ஸ்டாண்டு கடையில் டிரைவரோடு குடிப்பேன். அவளுக்குக் காய்ச்சலாக இருந்தாலும் அவளே எழுந்து போட்டுக் குடித்துவிட்டு, எனக்கும் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுப்பாள். ஒரு தடவை நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்ப் பாத்திரத்தையே தீய்த்துவிட்டேன். "சாமி, நீங்க அடுப்பாண்ட மட்டும் வராதீங்க" என்றாள். அதையே சாக்காக வைத்துக்கொண்டு அத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன். அது சாமர்த்தியம் என்றுகூட நினைத்திருந்தேன். இந்த மிஷினில் அடுப்பு இல்லை, பால் பொங்குகிற பயமில்லை. மாத்திரையைப் போட்டு, பிடியை இறக்கி, பட்டனை அமுக்கினால் கறுப்பாக டிகாக்‌ஷன் இறங்குகிறது. பால் பவுடரும் சர்க்கரையும் போட்டுக் கலக்கினால் காப்பி. நீ ஊருக்குப் போன மறுநாள் காலையில் அவள் எழுவதற்கு முன்னாலேயே போட்டு, டம்ளரைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். கடைசி வாய் குடித்துவிட்டு, "சக்கரை பத்தல" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் எழுந்தும் எழாமல் பாயிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, மாத்திரை போடலீங்களா?" என்றாள் பார், அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு பெருமை வரலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்புறம் தினமும் அப்படித்தான். ஒரு நேரத்துக்கு ஒரு டம்ளர்தான் என்பதால் முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு. என்னுடையது இறங்கி முடிகிற வரைக்கும் அவள் குடிக்க மாட்டாள், மேலே ஒரு தட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "ஆறிப்போவுதடி, குடியேன்" என்று கத்துவேன். "ஆறினா ஆறட்டும், தனியா குடிச்சா எறங்க மாட்டேங்குது" என்பாள். நீ ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தாய், மிஷினில் போர் தண்ணியை ஊற்றாதீங்க, கேன் தண்ணிதான் ஊற்றணும் என்று. நம் ஊர் போர் தண்ணியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அவள் ஞாபகமாகக் கேன் தண்ணிதான் ஊற்றுவாள். நான் கேனைச் சாய்க்கச் சோம்பேறித்தனப்பட்டு, அவள் பார்க்காத நேரத்தில் குழாயில் பிடித்து ஊற்றிவிடுவேன். இதையும் எழுதத்தான் வேண்டும். ஏன் என்று பின்னால் தெரியும்.

அதற்கப்புறம் அவளுக்கு மூச்சு வாங்கியதும், தர்மபுரியில் டாக்டரிடம் காட்டியதும் உனக்குத் தெரியும். காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு என்று எழுதிக் கொடுத்தார். அது போக ஒரு பொடி மாத்திரை கொடுத்து, "நெஞ்சு வலின்னு சொன்னாங்கன்னா ஒடனே நாக்குக்கு அடியில வெச்சிருங்க, அப்பறமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாங்க" என்று என்னிடம்தான் சொன்னார். அவசரத்துக்குத் தேட வேண்டியிருக்கக் கூடாது என்று நான் யோசித்து யோசித்து அதை எங்கே வைத்தேன்? காப்பி மாத்திரை வந்த காலி அட்டைப் பெட்டியில் போட்டு, மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் எட்டும் என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். நீ தினமும் சாயங்காலம் போன் பண்ணி, "அம்மா மாத்திரை போட்டாங்களா?" என்று கேட்பாய். நான் வேண்டுமென்றே, "எந்த மாத்திரைடா? டாக்டர் மாத்திரையா, என் மாத்திரையா?" என்பேன். ஸ்பீக்கரில் மூன்று பேரும் சிரிப்போம். தினமும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

அன்றைக்குக் காலையில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நன்றாக வெளுத்திருந்தது, பால்காரர் வந்து போய்விட்டார். அவள் உள் அறையில் பாயில் இருந்தாள். "ஏங்க... மாத்திரை" என்று குரல் கேட்டது. அவ்வளவுதான் சொன்னாள். குரல் சின்னதாக இருந்தது, தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். "இரு, போடறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். டப்பியைப் போட்டுப் பட்டனை அமுக்கினால் மிஷின் உறுமுகிறது, தண்ணீர் இறங்கவில்லை. விளக்கு விட்டு விட்டு எரிகிறது. என்ன அடைப்பு என்று எனக்குத் தெரியும், நான் ஊற்றிய போர் தண்ணியின் உப்புதான். தொட்டியைக் கழற்றிக் கழுவினேன். கேன் தண்ணியைப் பிடித்து ஊற்றினேன். வெறும் தண்ணியை இரண்டு தடவை ஓட்டிக் கீழே ஊற்றினேன். மிஷினைத் திட்டிக்கொண்டே செய்தேன். நடுவில் அவள் ஒரு தடவை, "என்னாங்க" என்றாள். நான் இங்கிருந்தே கத்தினேன், "வரேன்டி, என்னா அவசரம்? பஸ்ஸா போவுது?" என்று. நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

எத்தனை நிமிஷம் ஆனது என்று எனக்குத் தெரியாது. பத்து என்று வைத்துக்கொள். காப்பி இறங்கியதும் பவுடர் போட்டு, சர்க்கரை பார்த்துக் கலக்கி எடுத்துக்கொண்டு போனேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்தேன், வழக்கம்போல மேலே தட்டை மூடினேன். அதன் பிறகுதான் அவள் தோளைத் தொட்டேன். தட்டை எதற்கு மூடினேன் என்று கேட்காதே. கை அதுபாட்டுக்கு மூடியது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, வந்தவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது எல்லாம் உனக்குச் சொல்லியிருக்கிறேன். பாப்பாரப்பட்டியிலிருந்து உன் பெரியம்மா பத்து மணிக்கே வந்துவிட்டாள். அக்காக்காரி அல்லவா, வந்ததும் அவள்தான் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். அடுப்பைத் துடைத்து மூடச் சொன்னாள். பொணம் எடுக்கிற வரைக்கும் இந்த வீட்டில் நெருப்பு கூடாது, எடுத்த பிறகும் சம்பந்தி வீட்டுச் சாப்பாடுதான் என்றாள். உன் அம்மாவை நடு வீட்டுக்குத் தூக்கி வந்தபோது, உள் அறையைப் பெருக்கப் போன எதிர் வீட்டுப் பெண் ஜன்னல் மேடையிலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். "இது யாருக்குப் போட்ட காப்பிங்க?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள், பாவம்.

தம்பி, இந்த இடத்தை நிதானமாகப் படி. அவளுக்குப் போட்டது என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? காப்பி கேட்டாங்களா என்று வரும். என்னன்னு கேட்டாங்க என்று வரும். மாத்திரைன்னு கேட்டா என்று நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பெண் கேட்டு முடிப்பதற்குள் இதெல்லாம் என் மண்டைக்குள் ஓடிவிட்டது. அவள் அந்தப் பொடி மாத்திரையைக் கேட்டிருக்கலாம் என்பதே அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் உறைக்கவில்லை, சத்தியமாக. மாத்திரைப் பெட்டி மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதற்கு முன்னால் நின்று பத்து நிமிஷம் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். "எனக்குப் போட்டதும்மா" என்று சொல்லி, டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டேன். ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. சர்க்கரை சரியாக இருந்தது.

குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நீ வாசலில் நுழைந்தாய். உன் பெரியம்மா பார்த்துவிட்டாள். "எந்தங்கச்சி நடு வூட்டுல கெடக்கறா, ஊரே பச்சத் தண்ணி குடிக்காம நிக்குது, இந்த மனுசன் மிஷின்ல காப்பி போட்டுக் குடிக்கறாரு பாருங்க! நாக்கு என்னா நாக்கோ!" என்று கத்தினாள். வாசலில் நின்ற ஒருவர், "கரண்டுல ஓடறது அடுப்புல சேராதுக்கா" என்றார். "சூடு வருதில்ல? சூடு வந்தா அடுப்புதான்" என்றார் இன்னொருவர். உள்ளே உன் அம்மா கிடக்க, மிஷின் அடுப்பா இல்லையா என்று அவர்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. பொண்டாட்டி பொணத்துக்குப் பக்கத்தில் காப்பி குடித்த நாக்குருசிக்காரன். இந்தப் பேர் போதும், இதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பேரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீ பதினாறாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனபோதும் நான் உன்னைத் தடுக்கவில்லை. நீ கோபமாக இருக்கிற வரைக்கும் எனக்குப் பாதுகாப்பாக இருந்தது.

நீ ஒன்பதாவது படிக்கும்போது ஜியாமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டேன் என்று வந்து நின்றாய், ஞாபகம் இருக்கிறதா? நானும் பெல்ட்டைக் கழற்றினேன். நீ வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாய். இரண்டு நாள் கழித்து உன் அம்மா பைக்குள்ளிருந்து ஈர டிரவுசரை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அணையில் குதித்து, ஒருத்தன் மூழ்கப் போய், இழுத்துக் கரையில் போட்டிருக்கிறீர்கள். பாக்ஸ் எங்கேயும் தொலையவில்லை, நீயே பீரோவுக்குப் பின்னால் தள்ளியிருந்தாய். "எவ்ளோ கெட்டிக்காரன் பாருடி, சின்னத் தப்பக் காட்டி பெரிய தப்ப மறச்சிட்டான்" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "யாரப் பாத்துக் கத்துக்கிட்டான்?" என்றாள். நான் அதை விளையாட்டுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அவள் அன்றைக்கு எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக அதை மட்டும்தான் யோசிக்கிறேன். காப்பி என்றால் "மாத்திரை போடலீங்களா?" என்று முழுசாகக் கேட்பாள். அன்றைக்கு "மாத்திரை" என்று மட்டும்தான் சொன்னாள். தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். வலியில் அதற்கு மேல் பேச முடியாமலும் இருந்திருக்கலாம். மாத்திரையை வைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அந்த டாக்டரிடம் போய்க் கேட்கலாம். ஆமாம் என்பாரோ என்று பயம். இல்லை என்றாலும், என் மனசு தேறட்டும் என்று சொல்கிறாரோ என்று தோன்றும். அதனால் போகவில்லை. இத்தனை வருட சர்வீசில் நான் ஒருத்தருக்கும் ஊர் மாற்றி டிக்கெட் கொடுத்ததில்லை. ஒரே பேரில் இரண்டு ஸ்டாப் இருந்தால், "கூட்ரோடா, ஊருக்குள்ளயா?" என்று இரண்டு தடவை கேட்டுத்தான் கிழிப்பேன். கூட்டத்தில் கழுத்து நெரிந்தாலும் கேட்பேன். வீட்டில் கேட்கவில்லை. உனக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. உங்களுக்குள்ளும் இப்படி விளையாட்டுப் பேச்சு நாலைந்து சேர்ந்திருக்கும், சேரட்டும். ஆனால் மருமகள் உள்ளேயிருந்து எதையாவது கேட்டால், எழுந்து போய் முகத்தைப் பார்த்து, எது என்று ஒரு தடவை கேள். இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லாதே.

மிஷின் இன்னும் இருக்கிறது. நான் தினமும் அதில்தான் போட்டுக் குடிக்கிறேன். இதைக் கேட்டால் உனக்கு எப்படியிருக்கும் என்று தெரியவில்லை. தூக்கிப் போட்டிருக்க வேண்டும், இல்லையா? ஒரு வாரம் தொடாமல் இருந்து பார்த்தேன். எதுவும் ஆகவில்லை. மரத்துப்போனது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் கை தானாகப் போய் அமுக்கிவிட்டது. நீ மாதாமாதம் வரும்படி பண்ணிவைத்ததை நிறுத்த மறந்துவிட்டாய் போல, இரண்டு பேருக்கான காப்பி மாத்திரைப் பெட்டி கூரியரில் வந்துகொண்டே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கி அடுக்கி வைக்கிறேன். பீரோவுக்கு மேலே இடம் தீர்ந்துபோய் இப்போது கட்டிலுக்கு அடியில் வைக்கிறேன். தண்ணி மட்டும் கேனில்தான் பிடிக்கிறேன்.

நீ மன்னிப்புக் கேட்காமலிருந்தால் இதை நான் சொல்லியிருக்கவே மாட்டேன். காப்பி குடித்தவனாகவே செத்துப்போயிருப்பேன். வியாழக்கிழமை நீ கேட்டதும், சரி என்று வாங்கிக்கொண்டிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய், சேர்ந்து சாப்பிடுவோம், நீ மனசில் பாரமில்லாமல் விமானம் ஏறுவாய். நானும் என் மகனைத் திரும்பப் பெற்றிருப்பேன். நாலு நாளாக அதற்குத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் தப்பே செய்யாத நீ என்னிடம் வந்து தலையைக் குனிந்து நிற்பாய், நான் பெரிய மனுஷன் மாதிரி முதுகைத் தட்டிக் கொடுக்க வேண்டும். அது என்னால் ஆகாது. இதைப் படித்துவிட்டு உனக்குப் பாரம் கூடினால் அதுவும் நான் செய்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். வந்தால் என்ன வேண்டுமானாலும் கேள். திட்டு. உன் பெரியம்மாவைக் கூட்டி வந்து அவள் எதிரில் வைத்துத் திட்டு. ஒரு வார்த்தை பேசாமல் உன் அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போ. எல்லாவற்றுக்கும் நான் வீட்டிலேயே இருப்பேன். "பரவால்லப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே. அதை உன் அம்மாதான் சொல்ல வேண்டும்.

அப்பா